எட்டுப் பிள்ளைகளுடன் ஓர் அதிபர்

க.பொ.த. உயர்தரம், கலைப்பிரிவு

பாடசாலைத் தலைமைத்துவம், பண்புக் கல்வி ஆகியவற்றுடன் தொடர்புடைய ஒருவரைப் பற்றி எழுதித் தருமாறு எங்கள் தமிழ் ஆசிரியை கேட்டபோது, வகுப்பில் அநேகர் நம் நாட்டுப் பெரியார்களின் பெயர்களையே சொன்னார்கள். அவர்களைப் பற்றி நல்ல கட்டுரைகள் வரும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நான் கல்கத்தாவில் ஒரு பெண்கள் பாடசாலையை நடத்திய பேகம் ரொக்கேயாவைத் தெரிவு செய்தேன். அதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, பாடசாலை வகுப்பறையில் ஒரு நாள்கூட மாணவியாக அமராத அவர் 21 வருடங்கள் ஒரு பாடசாலையின் தலைவியாக இருந்தார். மற்றது, நூறு வருடங்களுக்கு முன் அவர் மேசைக்கு வந்த பிரச்சினைகளை வாசித்தபோது எனக்கு அவை அந்நியமாகத் தெரியவில்லை. பிள்ளை எப்படிப் போய்வரும், பார்ப்பவர்கள் என்ன சொல்வார்கள், படித்து என்ன செய்யப்போகிறாள், இப்படியான பிரச்சினைகள்தாம்.

பெயரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நாம் ருகையா என்று வைக்கும் பெயரைத்தான் வங்காளத்தில் ரொக்கேயா என்கிறார்கள்.

1880இல், இன்றைய பங்களாதேஷின் ரங்பூர் மாவட்டத்தில், பைராபந்த் என்ற கிராமத்தில் ஒரு ஜமீன்தார் குடும்பத்தில் பிறந்தார். வீட்டில் செல்வம் இருந்தது. படிப்பும் இருந்தது, ஆனால் ஆண்பிள்ளைகளுக்கு. பெண்பிள்ளைகள் குர்ஆன் ஓதலாம். அரபு, பாரசீகம், உர்தூ ஓரளவு பழகலாம். வங்காளமும் ஆங்கிலமும் கூடாது. ஐந்து வயதிலிருந்து அவர் ஆண்களுக்கு மட்டுமல்ல, வீட்டுக்கு வரும் வெளிப்பெண்களுக்கும் ஒளிய வேண்டியிருந்தது. யாரோ பெண்கள் விருந்துக்கு வந்தால் சிறுமி ரொக்கேயா கட்டிலுக்கடியிலோ பரணிலோ போய்ப் பதுங்கவேண்டும். ஒரு தடவை விருந்தினர் நாட்கணக்கில் தங்கிவிட, பரணில் ஒளிந்திருந்த பிள்ளை பசியோடு கிடந்ததை அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். இதை வாசிக்கும்போது சிரிப்பு வரும். பிறகு அந்தப் பிள்ளைக்கு வயது ஐந்து என்பது நினைவுக்கு வரும்.

அவருக்கு எழுத்தறிவித்தவர்கள் கூடப்பிறந்தவர்கள். நானா இப்ராஹீம் ஸாபிர், வீட்டார் எல்லோரும் உறங்கிய பிறகு விளக்கை ஏற்றி வைத்துத் தங்கைக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். மூத்த ராத்தா கரீமுன்னிஸா வங்காளம் பழக்கினார். அந்த ராத்தாவும் ஒளித்துப் படித்தவர்தான். அவருக்குச் சிறுவயதிலேயே திருமணம் செய்துவைத்துவிட்டார்கள்.

1898இல் ரொக்கேயாவுக்குத் திருமணம் நடந்தது. கணவர் சையித் சகாவத் ஹுசைன், பீஹாரின் பாகல்பூரில் பிரதி நீதவானாக இருந்தவர்; முன்னர் மணமுடித்து மனைவியை இழந்தவர்; வயதிலும் மிக மூத்தவர். இந்த விபரங்களை மட்டும் கேட்டால் நமக்குக் கவலையாக இருக்கும். ஆனால் மனைவி வாசிக்கவும் எழுதவும் வேண்டுமென்று தூண்டியவர் அவர். அவர் கடமைக்காக வெளியூர் போயிருந்த ஒரு சமயம், பொழுதுபோக்காக ரொக்கேயா ஆங்கிலத்தில் ஒரு கதை எழுதினார். ஆண்கள் வீட்டுக்குள் இருக்க, பெண்கள் சூரிய வெப்பத்தைச் சேமித்துப் பயன்படுத்தி நாடாளும் ஒரு கற்பனை உலகம். திரும்பி வந்த கணவர் அதை நின்றபடியே வாசித்து முடித்துவிட்டு, இது பயங்கரமான பழிவாங்கல் என்று சொன்னாராம். ‘சுல்தானாவின் கனவு’ என்ற அந்தக் கதை 1905இல் அச்சானது, சென்னையிலிருந்து வெளிவந்த ‘இந்தியன் லேடீஸ் மகஸீன்’ என்ற பெண்கள் சஞ்சிகையில். வங்காளப் பெண் ஒருத்தியின் கனவை முதலில் அச்சேற்றியது ஒரு தமிழ் நகரம் என்பதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை.

1909 மே மாதம் சகாவத் ஹுசைன் வஃபாத்தானார். பிறந்த இரண்டு பெண்குழந்தைகளும் ஏற்கனவே மௌத்தாகியிருந்தன. ரொக்கேயாவுக்கு அப்போது முப்பது வயதும் ஆகவில்லை. பெண்பிள்ளைகளுக்கு ஒரு பாடசாலை தொடங்கவென்று கணவர் 10,000 ரூபாய் ஒதுக்கி வைத்திருந்தார். அவர் மறைந்து ஐந்து மாதங்கள்கூடப் போகவில்லை. பாகல்பூரில் ஐந்து பிள்ளைகளுடன் பாடசாலை தொடங்கிவிட்டது. ஆனால் கணவரின் முதல் மனைவியின் மகளோடும் மருமகனோடும் சொத்துப் பிணக்கு ஏற்பட்டு அங்கே இருக்க முடியாத நிலை வந்தது. 1910இல் எல்லாவற்றையும் விட்டுக் கல்கத்தாவுக்குப் போனார். 1911 மார்ச் 16ஆம் திகதி, வலியுல்லாஹ் லேன் 13ஆம் இலக்க வீட்டில், எட்டுப் பிள்ளைகளுடன் மீண்டும் தொடங்கினார். பெயர்: சகாவத் நினைவுப் பெண்கள் பாடசாலை.

இனித்தான் என்னைக் கவர்ந்த பகுதி. பாடசாலை என்றால் உள்ளே என்ன நடக்கும் என்பதே அவருக்குத் தெரியாது. மணி எப்போது அடிப்பது, நேரசூசி எப்படிப் போடுவது, ஒரே அறையில் வெவ்வேறு வயதுப் பிள்ளைகளை எப்படிச் சமாளிப்பது என்பவை புத்தகம் வாசித்து வருவதல்ல. ஆகவே அவர் கல்கத்தாவிலிருந்த மற்றப் பெண்கள் பாடசாலைகளுக்குப் போய், ஓர் ஓரமாக அமர்ந்து, அங்கே வகுப்புகள் நடப்பதைப் பார்த்துப் பழகினார். அந்தப் பாடசாலைகளை நடத்தியவர்கள் பிரம்ம சமாஜத்தாரும் இந்துக்களும். அவர்களிடம் போய்க் கற்றுக்கொள்வதில் தனக்கு ஏதும் குறைந்துவிடும் என்று அவர் நினைக்கவில்லை. படித்த முஸ்லிம் பெண் ஆசிரியைகள் கல்கத்தாவில் கிடைக்காததால் சென்னை, கயா, ஆக்ரா போன்ற தூர இடங்களிலிருந்து ஆசிரியைகளை வரவழைத்தார். பிள்ளை சேர்க்க வீடுவீடாகப் போனார். ஓர் அதிபர் வீட்டு வாசலில் வந்து நின்று, உங்கள் மகளை அனுப்புங்கள் என்று கேட்பதை நினைத்துப் பாருங்கள்.

பண்புக் கல்வி என்றதும் நம் மனதில் வருவது என்ன? காலைக் கூட்டத்தில் ஒரு நற்சிந்தனை, பின்னலும் காலணியும் ஒழுங்காக இருக்கிறதா என்ற சோதனை, பாடசாலையை விட்டுப் போகும்போது கிடைக்கும் நற்சான்றிதழில் ‘நன்று’ என்ற ஒரு சொல். நான் மாணவத் தலைவியாக வாசலில் நின்று பின்னல் பார்த்தவள். அது தேவையில்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் ரொக்கேயா பண்பு என்பதை வேறோர் இடத்திலிருந்து தொடங்குகிறார். அவருடைய ஆரம்பகாலக் கட்டுரைகளில் கல்விக்கு ஒரு விளக்கம் உண்டு. அல்லாஹ் மனிதனுக்குக் கண், கை, காது, சிந்திக்கும் ஆற்றல் என்று கொடுத்தவற்றைப் பயிற்சியினால் வளர்ப்பதே கல்வி. பட்டம் பெறுவதோ பிறரைப் பார்த்து அப்படியே நடப்பதோ கல்வியாகாது என்பது அதன் கருத்து. இதன்படி, கொடுத்த ஆற்றலைப் பயன்படுத்தாமல் வைத்திருப்பது ஒரு பண்புக் குறை. அடக்கமாக இருக்கிறாள், ஒன்றும் தெரியாது என்று ஒரு பெண்ணைப் புகழ்வதை அவரால் ஏற்க முடியவில்லை.

பாடசாலையின் பாடங்களைப் பார்த்தால் அந்த எண்ணம் தெரியும். குர்ஆன் ஓதல் இருந்தது, பொருள் விளங்கிக்கொள்வதோடு. உர்தூ, பாரசீகம், ஆங்கிலம், வங்காளம் இருந்தன. தையலும் சமையலும் இருந்தன. நோயாளியைப் பராமரித்தல், முதலுதவி, தோட்டவேலை, உடற்பயிற்சி ஆகியனவும் இருந்தன. உடற்பயிற்சியை இதில் சேர்த்ததுதான் துணிச்சல் என்று நினைக்கிறேன். பரணில் மடங்கிக் கிடந்த பிள்ளை பெரியவளாகி, மற்றப் பிள்ளைகளைக் கைகால் நீட்டி நிற்கச் சொல்கிறாள்.

இப்போது பஸ் கதைக்கு வருகிறேன். 1931இல் வெளிவந்த ‘அபரோத்பாஸினி’ (அடைப்பில் வாழும் பெண்கள் என்று பொருள்கொள்ளலாம்) என்ற நூலில் அவர் கண்டதும் கேட்டதுமான 47 சம்பவங்களைத் தொகுத்திருக்கிறார். அதில் கடைசிச் சம்பவம் அவருடைய பாடசாலையின் சொந்த பஸ்ஸைப் பற்றியது.

பிள்ளைகளை ஏற்றி இறக்க ஒரு மோட்டார் பஸ் செய்விக்கப்பட்டது. எந்தப் பெற்றோரும் குறை சொல்லக்கூடாதென்று அதை நாலாபக்கமும் அடைத்துவிட்டார்கள். முன்னும் பின்னும் மேலே சிறிய வலைத்துவாரங்கள் மட்டும். முதல் நாளே உள்ளே இருட்டும் வெக்கையும் தாங்காமல் சிறுபிள்ளைகள் அழுதார்கள், சிலர் வாந்தி எடுத்தார்கள். வீடு திரும்பும்போது, பாடசாலையில் இருந்த ஓர் ஆங்கிலேய ஆசிரியை பின்பக்கத்து வலையைத் திறந்து நிறத்துணியால் திரை போட்டுவிட்டார். அப்படியும் சிலர் மயங்கினார்கள். வீதியில் அந்த பஸ்ஸைக் கண்ட ஒரு பையன் நடமாடும் இருட்டறை போகிறது என்று பரிகசித்ததை அதிபரின் சிநேகிதி ஒருவர் வந்து சொன்னார். மாலையில் சில தாய்மார் வந்து, உங்கள் பஸ் எங்கள் பிள்ளைகளைக் கொன்றுவிடும் போலிருக்கிறதே என்ற கருத்தில் முறையிட்டார்கள். சரி, இனிமேல் காற்றோட்டம் வைக்கலாம் என்று நினைத்தால், அடுத்து வந்தன நாலு கடிதங்கள். ஒன்று ஆங்கிலத்தில், இஸ்லாமியச் சகோதரன் என்று கையொப்பமிட்டது. மற்றவை உர்தூவில். எல்லாவற்றிலும் ஒரே முறைப்பாடு: திரை காற்றில் அசைகிறது, பர்தா போகிறது, உடனே திருத்தாவிட்டால் பத்திரிகைகளில் பாடசாலைக்கு எதிராக எழுதுவோம்.

ஒரே பஸ். அடைத்தால் பிள்ளைகள் மயங்குகிறார்கள், திறந்தால் பாடசாலை மூடப்படும். அதிபர் கதிரையில் இருப்பவர்களுக்கு இப்படியான நாட்கள் நிறைய வருமென்று நினைக்கிறேன். ரொக்கேயா இந்த இடத்தில் கோபித்துக் கத்தவில்லை. தன்னுடைய நிலையைத் தானே நையாண்டி செய்து எழுதிவிட்டு, அடுத்த நாள் வேலையைப் பார்த்தார்.

அவரைப் பற்றி வாசிக்கும் சிலருக்கு ஒரு குழப்பம் வரும். எழுத்தில் அவ்வளவு கூர்மையாக அடைப்பைக் கண்டித்தவர், பாடசாலை விடயத்தில் ஏன் இவ்வளவு விட்டுக்கொடுத்தார்? தான் வெளியே போகும்போது புர்கா அணிந்தே போனார். பாடசாலையில் திரைபோட்ட வாகனத்தையே வைத்திருந்தார். தாய்மொழியான வங்காளத்தை உயிராக நேசித்து, நூல்களில் பெரும்பாலானவற்றை அதிலே எழுதியவர், பாடசாலையை உர்தூ மொழியில் நடத்தினார். காரணம், கல்கத்தாவின் வசதியுள்ள முஸ்லிம் குடும்பங்கள் உர்தூவையே விரும்பின. இடையில் வங்காளப் பிரிவொன்றைத் தொடங்கிப் பார்த்தார். பிள்ளைகள் சேராததால் அது நின்றுபோனது.

இதை இரட்டை வேடம் என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. ‘புர்கா’ என்றே அவர் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். அதில் ஒழுக்கமான உடையை அவர் எதிர்க்கவில்லை. புர்கா அணிந்துகொண்டே படிக்கலாம், பயணம் செய்யலாம் என்கிறார். அவர் எதிர்த்தது, மார்க்கம் சொல்லாத அளவுக்குப் போன அடைப்பை. பெண் பெண்ணுக்கே ஒளிவதை, நோயிலும் ஆபத்திலும்கூட வெளியே வரக்கூடாதென்பதை, எழுத்தை மறைப்பதை. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்ததனால்தான் எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடக்கூடாது என்பது அவருக்குத் தெளிவாக இருந்தது. திரையை விட்டுக்கொடுத்தார். உடற்பயிற்சியை விடவில்லை. மொழியை விட்டுக்கொடுத்தார். குர்ஆனைப் பொருளுடன் கற்பிப்பதை விடவில்லை. வங்காளப் பிரிவை மூடியது மட்டும் எனக்கு இன்னும் மனக்குறைதான். தாய்மொழியில் படிக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்திருப்பதால் அப்படித் தோன்றுகிறதோ என்னவோ.

1926இல் வங்காளப் பெண்கள் கல்வி மாநாட்டுக்கு அவர் தலைமை தாங்கினார். பெண்பிள்ளைகளுக்கு ஆணோடு சமமாக அறிவூட்டுவதை 1300 வருடங்களுக்கு முன்பே கட்டாயமாக்கியவர் நமது நபி (ஸல்) அவர்கள்தான் என்பதை அந்த மேடையிலே நினைவூட்டினார். பெண் கல்வியைத் தடுப்பவர்கள்தாம் மார்க்கத்துக்கு மாறு செய்கிறார்கள் என்பது அவருடைய வாதம். வெளியிலிருந்து ஒரு கொள்கையை இரவல் வாங்கி வந்து பேசாமல், எதிர்த்தவர்கள் மதிக்கும் அதே ஆதாரத்தை எடுத்து அவர்கள் முன் வைத்தார்.

பணக்கஷ்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாடசாலைக்கென்று வைத்திருந்த பணம் பர்மா வங்கி முறிந்தபோது போய்விட்டது. சொந்த வருமானத்தையும் நன்கொடையையும் கொண்டு ஓட்டினார். எட்டாக இருந்த தொகை ஐந்தாறு வருடங்களில் நூறைத் தாண்டியது. 1917இல் வைஸ்ராயின் மனைவி செம்ஸ்ஃபோர்ட் சீமாட்டி வந்து பார்த்துப்போனார். ஆரம்பப் பாடசாலை நடுநிலைப் பாடசாலையாகி, 1930களின் தொடக்கத்தில் உயர்நிலைப் பாடசாலையானது.

பாடசாலைச் சுவருக்குள் மட்டும் அவர் நிற்கவில்லை. 1916இல் அஞ்சுமனே கவாத்தீனே இஸ்லாம் என்ற பெண்கள் சங்கத்தைத் தொடங்கினார். சங்கத்துப் பெண்கள் கல்கத்தாவின் சேரிகளுக்குப் போய் அங்குள்ள பெண்களுக்கு எழுத்தும் சுகாதாரமும் சொல்லிக்கொடுத்தார்கள், விதவைகளுக்கு உதவினார்கள், ஏழைக் குமர்ப்பிள்ளைகளின் திருமணத்துக்குப் பணம் சேர்த்தார்கள். வசதியான வீட்டுப் பெண்கள் சேரிக்குள் காலெடுத்து வைப்பது அவர்களுடைய பண்பையும்தான் மாற்றியிருக்கும். ‘பத்மராக்’ என்ற அவருடைய நாவலில் தாரிணி பவனம் என்று ஓர் இல்லம் வருகிறது. முஸ்லிம், இந்து, பிரம்ம சமாஜ, கிறிஸ்தவப் பெண்கள் அங்கே ஒன்றாக வாழ்ந்து, பாடசாலையும் நோயாளர் இல்லமும் கைத்தொழில் நிலையமும் நடத்துகிறார்கள். நாவலில் அவர் கட்டிய பாடசாலை அது. கல்கத்தாவில் அவர் கட்டியது அதில் ஒரு பகுதி.

இதை வாசிக்கும் வாப்பாமாரிடமும் உம்மாமாரிடமும் ஒன்று கேட்கவேண்டும். எனக்கு இரண்டு வருடம் மூத்த ஒரு ராத்தா, பெயர் வேண்டாம், நல்ல இசட் புள்ளி எடுத்து வெட்டுப்புள்ளியைத் தாண்டித் தூரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றுக்குத் தெரிவானார். விடுதி எப்படியோ, பஸ்ஸில் ஒரு நாள் முழுக்கப் போகவேண்டுமே, ஊர் என்ன சொல்லுமோ என்று வீட்டில் பேசிப் பேசி, பதிவுசெய்யும் திகதி கடந்துவிட்டது. அவருடைய வாப்பா கெட்டவர் அல்லர். மகள் மீது உயிர். அந்தப் பயத்தை நான் இலேசாக எடுக்கவில்லை. ரொக்கேயாவும் பெற்றோரின் பயத்தை இலேசாக எடுக்கவில்லை. பஸ்ஸுக்குத் திரை போட்டார், திரைக்குக் காற்று தேடினார், ஆசிரியையைத் தூரத்திலிருந்து கொண்டுவந்தார், வீட்டு வாசலுக்கே போய்ப் பேசினார். பயத்துக்கு ஒவ்வொரு வழியாகத் தேடிக்கொண்டே போனார். பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லவில்லை. இந்த வருடம் எங்கள் வகுப்பில் முப்பதுக்கு மேற்பட்டோர் பரீட்சை எழுதப்போகிறோம். பெறுபேறு வந்த பிறகு விடுதியைப் போய்ப் பார்த்து வரலாமா, அங்கே ஏற்கனவே படிக்கும் ஒரு பிள்ளையோடு சேர்த்து அனுப்பலாமா, வான் ஒழுங்கு செய்யலாமா என்று எங்கள் வீடுகளிலும் பேச்சு நடக்குமா என்பதுதான் என் கேள்வி. உம்மாவிடம் இதை வாசித்துக் காட்டினேன். யோசிப்போம் என்றார்.

ரொக்கேயா கடைசிவரை வேலையில் இருந்தார். 1932 டிசம்பர் 9ஆம் திகதி அதிகாலையில் வஃபாத்தானார், வயது 52. ‘பெண்ணின் உரிமை’ என்ற ஒரு கட்டுரை அவர் மேசையில் முடிவுறாமல் கிடந்தது. பங்களாதேஷில் டிசம்பர் 9 இன்று ரொக்கேயா தினம்; ரங்பூரில் அவர் பெயரில் ஒரு பல்கலைக்கழகமும் இருக்கிறது. எட்டுப் பிள்ளைகளுடன் தொடங்கிய அந்தப் பாடசாலை, கொல்கத்தா லோர்ட் சிங்ஹா வீதியில் அரச பெண்கள் உயர்நிலைப் பாடசாலையாக இப்போதும் நடக்கிறது, சகாவத் ஹுசைனின் பெயரிலேயே.